வெளுக்காத கோடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள், அங்கே குளிர் கொஞ்சம் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே மூவரும் நலம் என்றுதான் முதல் வரி எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான், எனக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, நலமில்லாதது உன் தங்கை. நம் வீட்டில் ஒரு அறையில் போன் பேசினால் அடுத்த அறையில் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். அது மட்டுமில்லை, இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது, அதை உன்னிடம் வாயால் சொல்ல வரவில்லை.

அவளுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னதும் மாத்திரை தொடங்கியதும் உனக்குத் தெரியும். முதல் மாதம் தூக்கம் வந்தது, பசி வந்தது, தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் மாதம், தபால் நிலையத்துக்குப் போட்டுப் போகிற நீலச் சட்டையில் பித்தான் இழுத்துக்கொண்டு நின்றது. அவள் முன்பே கனத்த உடம்புக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள், கண்ணாடி பார்ப்பதை விட்டுப் பல வருடமாயிற்று. டாக்டரம்மா முதல் நாள் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னபோதே கண் கலங்கிவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை. சரி, போட்டிருக்கிற உடுப்பு இறுகினால் மட்டும் மறைக்காமல் என்னிடம் சொல், இப்போதைக்கு அது போதும் என்றார்.

நான் தையல்காரி. சட்டை இறுகுவது தெரிந்தால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவாள் என்று பயந்தேன். அவள் வேலைக்குப் போன பிறகு, துவைத்துக் காய்ந்த சட்டைகளை எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியிலிருந்து கால் அங்குலம் விட்டுத் திரும்பத் தைத்தேன். ஐந்து சட்டை, மூன்று கால்சட்டை, நான்கு மாதத்தில் மூன்று தடவை. வயிறு கனக்கிற மாதிரி இருக்கும்மா என்பாள். சட்டை சரியாகத்தானே இருக்கிறது என்பேன். நம்பினாள், அளவு விஷயத்தில் என் வார்த்தையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. டாக்டர் கேட்ட ஒவ்வொரு முறையும், உடுப்பெல்லாம் அப்படியேதான் இருக்கு என்று சொன்னாள். அவள் சொன்னது பொய்யில்லை. பொய் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மனசு மட்டும் தேறவில்லை, டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், நானும் வாங்கி வந்து கொடுத்தேன்.

துணியை ஏமாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல தடவை துவைத்துச் சட்டை வெளிறிப்போயிருந்தது, உள்ளே மடிந்திருந்த துணி மட்டும் வாங்கிய நாளின் நிறத்தில் இருந்தது. அதை வெளியே எடுத்ததும் அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் கருநீலக் கோடு விழுந்துவிட்டது. நான் பார்த்தேன், கை மறைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். பக்கத்துக் கவுண்டரில் முத்திரை குத்துகிறவர் ஒரு நாள், என்ன மேடம், சட்டையில தண்டவாளம் ஓடுது, புது மாடலா என்று கேட்டிருக்கிறார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். ஆனால் இவள் தையல்காரி மகள், கழிவறைக்குப் போய்ச் சட்டையைத் திருப்பிப் பார்த்தவளுக்கு ஒரு நிமிடம் கூடத் தேவைப்படவில்லை.

அன்று மாலை ஐந்து சட்டையையும் உள்புறம் திருப்பி என் மெஷின் மேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் பழைய ஊசி ஓட்டை மூன்று வரி. கத்தவில்லை. "எல்லாரும் என் உடம்பைப் பத்திப் பேசினாங்க, நீ ஒருத்திதான் பேசலன்னு நெனச்சிருந்தேன். நீ தைச்சுக்கிட்டு இருந்திருக்க" என்றாள். அந்த வாரம்தான் நீ வீடியோவில், என்ன ஆள் ரெட்டையா தெரியுற, போன் கோளாறா என்று கேட்டாய். சிரித்துக்கொண்டே போனை அப்பாவிடம் கொடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா. உன்மேல் குறையில்லை, உனக்குத் தெரியாது.

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். தலை சுற்றல், தலைக்குள் மின்சாரம் வெட்டுகிற மாதிரி ஒரு உதறல், தூக்கமில்லை, எல்லாவற்றையும் மறைத்திருக்கிறாள், மறைப்பதை என்னிடம்தானே கற்றாள். ஒன்பதாம் நாள் காலை வேலைக்கு உடுத்த ஆரம்பித்தவள், பாதிப் பித்தானோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எனக்கு இருக்கவே பிடிக்கலம்மா என்றாள். மகனே, அந்த வார்த்தையைக் கேட்ட அப்பா அந்த முழங்காலோடு மூன்று மாடி எனக்கு முன்னால் இறங்கி வண்டி பிடித்தார்.

டாக்டர் முன்னால்தான் சட்டைக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நிதானமாக விளக்கினார். இந்த மாத்திரை சிலருக்குப் பசியைத் தூண்டி எடையை ஏற்றும். கனத்த உடம்பில் சில மாத்திரைகள் குறைவாகவோ மெதுவாகவோ கேட்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, எல்லோருக்கும் அப்படி இல்லை, யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, அதனால்தான் எடை தெரிய வேண்டும் என்றேன், குண்டு என்று சொல்லிக் காட்ட இல்லை என்றார். "ரெண்டாம் மாசமே தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பேன்மா" என்று மெதுவாகச் சொன்னார். முதல் நாளே நானும் விடாமல் எடை பார்த்திருக்க வேண்டும் என்று தன்மேலும் ஒரு பங்கு போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. நான்கு மாதம், மகனே. அவளுடைய நான்கு மாதம்.

வீட்டுக்கு வந்து அப்பா என்னிடம், முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க, நீ சட்டையில மறைச்சிருக்க என்று தொடங்கி, என்ன சொல்கிறோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். உள் அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சிரித்தாள் என்று அப்பா சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இப்போது வேறு மாத்திரை, ஐந்து வாரமாகிறது. இது எடையை அவ்வளவாக ஏற்றாது, ஆனால் குமட்டுகிறது, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாள். மருந்து கேட்க இன்னும் சில வாரம் ஆகலாம், கேட்காமலும் போகலாம், அப்படியானால் இன்னொன்று பார்ப்போம் என்கிறார் டாக்டர். இரண்டு மாதம் விடுப்பு. மாத்திரை என் கையில் இருக்கிறது, அவளைத் தனியாக விடுவதில்லை. சனிக்கிழமை மருந்துக்கடை எடை இயந்திரத்தில் அவளே ஏறி, அவளே பார்த்து எழுதிக்கொள்கிறாள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு.

நேற்று மெஷின் பக்கம் வந்து நின்றாள். புதுச் சட்டை வேணும், அளவு எடு என்றாள். டேப்பைச் சுற்றிப் பிடித்தேன், எண்ணைத் தாளில் எழுதப் போனேன். "எழுதாத. சத்தமா சொல்லு" என்றாள். மார்பு, இடுப்பு, வயிறு, ஒவ்வொன்றாகச் சொன்னேன், உனக்கு அதை எழுத மாட்டேன், அது அவளுடையது. கேட்டு முடித்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். துணியை வெட்டி வைத்திருக்கிறேன்.

நீ கூப்பிடும்போது இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டாம். உன்னிடம் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதினேன், சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லாதே. அவள் பேசாவிட்டால் நீயும் கொஞ்ச நேரம் சும்மா இரு, போனை மட்டும் வைத்துவிடாதே.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காமல் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா

உனக்கும் ஒரு சட்டை தைக்கத் துணி இருக்கிறது. அளவு எழுதி அனுப்பு. கல்யாணத்துக்கு எடுத்த பழைய அளவு வேண்டாம், இப்போது என்னவோ அதை அனுப்பு.