ஓடும் பருப்பும்

கோலா சிலாங்கூர்,
7.11.2024

தைவானில் இருக்கும் மகன் முகுந்தனுக்கு, அப்பா நல்லசாமி சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உன் ஊரில் பூமி ஆடியதாக டிவியில் காட்டினார்கள். நீ ஆறாவது மாடியில் குடியிருப்பதாக உன் கூட்டாளி சசிகுமார் சொன்னான். கீழே எங்காவது இடம் கிடைத்தால் மாறிக்கொள்.

போனில் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான். நீயும் நானும் வாயால் பேசியதெல்லாம் சண்டையில்தான் முடிந்திருக்கிறது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் குரலை உயர்த்த முடியாது. நான் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும், இனிப்புத் தடவக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலை மாதம் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. உன் பழைய கம்ப்யூட்டர் மூன்றாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. என்னடா செய்கிறாய் என்று முதல் நாளே கேட்டதற்கு, கெர்னல் கட்டுகிறேன் என்றாய். கெர்னல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தோட்டத்து எண்ணெய் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் நான் நின்றது கெர்னல் பகுதியில். செம்பனைக் கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பு கெர்னல், மேலே இருக்கும் ஓடு ஷெல். ஏதோ கம்ப்யூட்டர் வழியாக மகனும் நம் தொழிலுக்கே வந்துவிட்டான் என்று பூரித்துப்போய், சோமு கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு நீ ரொட்டி வாங்கப் போனபோது தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் சன்னாசி, "என்னா தம்பி, இன்னிக்கி எத்தன மூட்ட கெர்னல் ஒடச்சே?" என்று கேட்க, கடையே சிரித்ததாம். எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

நீ திரும்பி வருவதற்குள் இடி. இடி இடித்தால் எல்லா பிளக்கையும் பிடுங்குவது தோட்டத்து லய வீட்டில் இருந்த காலத்திலிருந்தே நமக்குப் பழக்கம். டிவியைப் பிடுங்கினேன், ஐஸ் பெட்டியைப் பிடுங்கினேன், உன்னுடையதையும் பிடுங்கினேன். பேட்டரி செத்த பெட்டி, பிளக்கைப் பிடுங்கினால் மூன்று நாள் வேலையும் போய்விடும் என்று எனக்குத் தெரியாது. நீ வந்து கறுத்துப்போன திரையைப் பார்த்தாய். "முப்பத்திரெண்டு வருசம் கொட்ட ஒடச்சவருக்கு இதெல்லாம் எங்கப்பா புரியப்போவுது?" என்றாய். "சோத்துக்கு ஆவாத பொட்டிக்கு இவ்ளோ ரோசமா?" என்றேன் நான்.

இந்த இடத்தில் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எடுத்து எழுது என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன். சொன்னது நான்தானே. மறுநாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும், அப்படியே தைவான் வேலைக்குப் போனதும், இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாததும் அதனால்தான்.

தீபாவளிக்கு மறுநாள் சசிகுமாரை வரச் சொன்னேன். புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் அவனுக்கு நான்கு நாள் லீவு. நான் கெடுத்ததை மறுபடி ஓட வைக்க முடியுமா என்று கேட்டேன். உன் மேசையில் நீ கைப்பட எழுதிய நோட்டு இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் இதில் இருக்கிறது அங்கிள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்றான்.

முகுந்தா, அதன் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன். எழுத்து எழுத்தாகத் திரையில் கொட்டியது, உடைக்கிற மெஷினில் கொட்டை விழுகிற வேகத்தில். இதெல்லாம் என்ன என்று கேட்டேன். எங்கெங்கோ நாடுகளில் இருக்கிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் எழுதி வைத்தது, அந்த எழுத்தைத்தான் இந்தப் பெட்டி அரைத்து ஓடுகிற பொருளாக மாற்றுகிறது என்றான். எழுத்து என்றாலே எனக்குப் பயம். அம்மாவுக்கும் புரியாத மலாயில் வரும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஆபீஸ் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் வருகிறதா என்று வாசலைப் பார்த்து நின்றவன் நான். அந்த எழுத்து எழுந்து வேலை செய்யும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிறகு ஒன்று கேட்டேன். எழுத்தை அரைக்கிறதே, அதை எது செய்தது? அதுவும் எழுத்திலிருந்து வந்ததுதான் என்றான். அப்படியானால் முதன்முதலில் அதை அரைத்தது எது? சசிகுமார் திரும்பி என்னைப் பார்த்தான். "அங்கிள், இதுலயே ரொம்ப கஷ்டமான கேள்வி இதான்லா" என்றான். முதலில் வேறு இடத்திலிருந்து ஒன்றை இரவல் வாங்க வேண்டுமாம். அந்த இரவல் நமக்கென்று ஒன்றைக் கட்டித் தரும். நம்முடையது தன்னையே மறுபடி கட்டிக்கொள்ளும். அப்புறம் இரவலைத் தூக்கிப் போட்டுவிடலாமாம்.

அது எனக்குப் புரிந்தது. 1981 மார்ச் இரண்டாம் தேதி மில் முதல் தடவை ஓடியபோது, அன்று மட்டும் நான் பாய்லர் பக்கம் நின்றேன். நீராவிக்கு நாங்கள் எரிப்பது மில்லே உடைத்துப் போடும் ஓடுதான். மில் ஓடினால்தான் ஓடு கிடைக்கும், ஓடு எரிந்தால்தான் மில் ஓடும். முதல் நாள் ஓட்டுக்கு எங்கே போவது? செம்பனைக்கு இடம்விட்டு வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்களை மூன்று லோரியில் கொண்டுவந்து கொளுத்தினோம். சாயங்காலம் சொந்த ஓடு வந்து விழுந்ததும் விறகை நிறுத்தச் சொன்னார்கள். அப்படியே சசிகுமாரிடம் சொன்னேன். இதை முகுந்தனிடம் நீங்களே சொல்லுங்கள் அங்கிள் என்றான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இரண்டாம் நாள் மத்தியானம் இடி வந்தது. மின்னல் இறங்கும் என்று அம்மா முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். நான் டிவியைப் பிடுங்கினேன், உன்னுடையதைத் தொடவில்லை. கை பழக்கத்தில் போய்விடும் என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியை உள்ளிருந்து ஓட்டுவதுதான் கெர்னலாம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கருவிகளும் கட்ட வேண்டுமாம். இருப்பதைக் காட்ட ஒன்று, நகல் எடுக்க ஒன்று, தேதி சொல்ல ஒன்று, இப்படி எத்தனையோ. ஷெல்லும் உண்டு என்றதும் சிரித்துவிட்டேன். மில்லில் ஷெல் நெருப்புக்குப் போகும். இங்கே ஷெல் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கெர்னலிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாதாம்.

நான்காம் நாள் காலையில் எல்லாம் முடிந்தது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டான். கறுப்பில் வரிவரியாக எழுத்து இறங்கி, சட்டென்று நின்றது. கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

"யாருன்னு கேக்குது அங்கிள்" என்றான்.

கண் விழித்ததும் அது கேட்கிற முதல் கேள்வி அதுதானாம். பதில் அடிக்க அவன் கையைக் கொண்டுபோனான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று நாளாக அது கேட்டபடியே நிற்கிறது. காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்கிறேன். கேட்பதை நிறுத்தவில்லை. பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார். இரண்டு நாள் கிடைத்தாலும் போதும்.

யார் என்று கேட்டால் எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. அதனால் கையெழுத்துப் போடும் இடத்தில் என் பெயரை எழுத வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கீழே இருப்பது என் பெருவிரல் ரேகை. நீ எங்கே இருந்தாலும் உன் தலைமேல் என் கை இருப்பதாக நினைத்துக்கொள், அப்பா.