வேகமாகிவிட்ட கம்ப்யூட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் அப்படியே இருக்கட்டும். உடம்புக்கு என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன், அதைக் கவனி. உன் அம்மா காதில் விழாமல் இதைப் போனில் சொல்லத்தான் மொட்டை மாடிக்கு ஏறி ஏறிப் போனேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியா, அங்கே குளிரா என்றுதான் வாய் கேட்கிறது, சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கி வந்துவிடுகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கம்ப்யூட்டர் சங்கதிதான். கொஞ்சம் உனக்குத் தெரியும், முழுக் கதையை நான் சொல்லவில்லை. பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது, புதுசு இந்த மெஷினில் ஏறாது, வேறு வாங்குங்கள் என்று ரீஸ்டார்ட் அண்ணன் கையை விரித்துவிட்டார். எதைக் கேட்டாலும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க என்கிற அந்தக் கடைக்காரர்தான், பேர் உன் அம்மா வைத்தது. நீ, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்கப்பா, காசே கிடையாது, பழைய மெஷின்லயும் ஓடும், முதல்ல அம்மாவோட எம்பிராய்டரி டிசைன் எல்லாத்தையும் காப்பி எடுத்துக்கோங்க என்றாய். சரியாகத்தான் சொன்னாய், உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நானும் காப்பி எடுத்தேன். டெஸ்க்டாப்பில் உன் அம்மா தினமும் தட்டித் திறப்பாளே, கொடி, பறவை, குழந்தைத் துணி, பள்ளிக்கூடம் என்று பேர் போட்ட படங்கள், அத்தனையையும் வளைத்துப் பிடித்து ஒரு புது பென் டிரைவில் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. அங்கேயாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஒருத்தி உட்கார்ந்து உட்கார்ந்து வரைந்தது கண்ணிமைக்கிற நேரத்திலா ஏறும்? நான் என்ன செய்தேன் தெரியுமா, பென் டிரைவ் நல்ல தரம் என்று மெச்சிக்கொண்டேன். அதெல்லாம் டிசைன் இல்லைப்பா, டிசைன் உள்ளே எங்கே இருக்குன்னு வழி காட்டற வெறும் ஷார்ட்கட் என்று நீ பிறகு சொல்லித்தான் தெரிந்தது. வீட்டை இடித்துவிட்டு விலாசத்தைப் பத்திரமாகப் பையில் வைத்திருக்கிறேன்.

இடித்ததும் நானேதான். பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடவா, இல்லை டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடவா என்று லினக்ஸ் போடும்போது கம்ப்யூட்டர் கேட்டது. ஒரே உறையில் இரண்டு கத்தி எதற்கு என்று அழிக்கச் சொன்னேன். நிச்சயமா என்று மறுபடியும் மரியாதையாகத்தான் கேட்டது, நிச்சயம் என்றேன். காலமெல்லாம் பஸ் ஓட்டினவன், கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் நின்று வரலாம் வரலாம் என்று சொல்லாமல் ரிவர்ஸ் எடுத்தவன் இல்லை. அன்றைக்கு நானே டிரைவர், நானே கண்டக்டர். முடிந்ததும் வேகமென்றால் அப்படி ஒரு வேகம், இதோ பார் என்று தலைகால் புரியாமல் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், பென் டிரைவிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள், ஒன்றும் திறக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் பாப்பா. நான் வெங்காயத்தைத் தடிமனாக நறுக்கினாலே அன்று முழுக்கப் பேசுகிறவள், இதற்குச் சரி விடுங்க, போனா போகட்டும் என்று எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இப்போது எம்பிராய்டரி மெஷின் முன்னறையில் துணி போர்த்திக்கொண்டு சும்மா நிற்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து டிசைன் போனால்தானே அது தைக்கும். பள்ளிக்கூடத்துச் சட்டைப்பைச் சின்னம் வருஷா வருஷம் நம் வீட்டிலிருந்துதான் போகிறது, இந்தத் தடவையும் ஹெட்மிஸ்டிரஸ் துணியைக் கட்டாக அனுப்பிவிட்டார், பள்ளி திறப்பதற்குள் வேண்டுமாம். பழைய சட்டை ஒன்றை ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து உன் அம்மா கையால் தைக்கிறாள். விரல் கணு வீங்கி, இனி ஊசி பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதானே அந்த மெஷினையே வாங்கினோம். ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிறேன், பகலில் ஊசி கோத்துக் கொடுக்கிறேன், என்னால் ஆவது அவ்வளவுதான், அதிலும் கண்ணாடி போட்டும் நூல் ஊசிக்குப் பக்கத்திலேயே போய்ப் போய் வருகிறது. லினக்ஸிலும் எம்பிராய்டரிக்கு இலவசமாக ஒன்று இருக்கிறது என்றாய், இருக்கட்டும், அதில் திறக்க அவள் வரைந்தது வேண்டுமே.

நீ கடைசியாக ஒன்று சொன்னாய். அழிஞ்சதுக்கு மேல புதுசா எதுவும் ஏறாம இருந்தா கொஞ்சமாவது மீட்டுடலாம்பா, நான் வர்ற வரைக்கும் ஆன் பண்ணவே பண்ணாதீங்க, ஆன் பண்ணாலே அது பாட்டுக்கு எதையாவது எழுதிக்கிட்டே இருக்கும் என்று. இதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. வந்துவிடும் என்று சொல்லி வராமல் போனால் இரண்டாம் தடவையும் அவளிடமிருந்து பிடுங்கினவன் ஆவேன், அதற்கு என்னிடம் தெம்பு இல்லை. ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்து, கரண்டில் ஏதோ கோளாறு, தொடாதே என்று மட்டும் சொன்னேன். முந்தாநாள் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தால், ஒயரைச் செருகி அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பென் டிரைவைப் போட்டு ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள், திறக்க முடியவில்லை என்று வருகிறது, மூடுகிறாள், அடுத்ததைத் தட்டுகிறாள். பேரைப் பார்த்தாவது வரைந்தது ஞாபகம் வருகிறதா என்று பார்க்கிறாள் போல, பக்கத்தில் பேப்பரும் பென்சிலும். சின்ன வயசில் உன் கவுன் ஓரத்தில் ஓடுமே வாத்து வரிசை, அதைப் பாதி வரைந்திருந்தாள். நீ ஆன் பண்ணி வைக்க வைக்கத்தான் மிச்சமும் அழிகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? வாசலிலேயே பையோடு நின்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, முன்னெல்லாம் ஆன் பண்ணிட்டுக் காபி போட்டுட்டு வரலாம், இப்ப நல்லா வேகமா வருதுங்க, நீங்க போட்டது நல்லாத்தான் இருக்கு என்றாள். என் மனசு கஷ்டப்படக் கூடாதாம். ஆமாம் என்றேன்.

நேற்றும் உட்கார்ந்தாள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தத் தெரியவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இன்னும் எத்தனை தடவை உட்காருவாளோ. கிடைத்ததும் நீ அவளைக் கூப்பிட்டுப் பேசு, என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, நீ சொன்னால் கேட்பாள். நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். எதையாவது காப்பி எடுத்தால் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அப்புறம் பழையதை அழி. மறக்காதே, அந்தக் கவுன் போட்ட போட்டோ ஏதாவது உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு. கடைசி வாத்து மட்டும் கழுத்தைத் திருப்பியிருக்குமே, எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா என்று அம்மா என்னைக் கேட்டாள். தினமும் அந்தக் கவுனோடு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவன், எனக்குத் தெரியவில்லை.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா