சும்மா தைத்த பட்டன்கள்

ஜூன் 12, வியாழன்

இன்று லேபில் ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மா ஊசியைப் பார்க்காமல் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க வாங்கினது மோளே?" அப்பாவின் பழைய சட்டைப் பட்டன், தோழி லேகா தன் தையல்கடையில் கூட்டிப் பெருக்கி வைத்திருந்த பச்சைத் துண்டுத்துணி, பேன்சி கடைக் கொக்கி. அவ்வளவுதான் கம்மல். எப்படி ஒட்டினேன் என்று சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்தாயிற்று. ஊசி ஏறியதே அவருக்குத் தெரியவில்லை.

அப்பா இன்னும் அந்தப் பட்டன்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். பாவம்.

மதியம் சஜன் கூப்பிட்டான். வீட்டில் எங்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை அமரவிளைக்கு வர வேண்டுமாம், அவன் அம்மாவுக்கு என்னைப் பார்க்க வேண்டுமாம். போனை வைக்கும்போது மெதுவாகச் சொல்கிறான்: "அம்மா பெந்தெகொஸ்து ஆக்கும். காது, கழுத்து, கை, ஒண்ணும் ஆவாது. கொஞ்சம் கழத்திட்டு வா."

கொஞ்சம் என்றால் எவ்வளவு?

ஜூன் 15, ஞாயிறு

ஒரு காதில் கழற்ற மறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

நேற்று வெட்கத்தில் எழுத முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வளையல், மாலை, மோதிரம், வலது காது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தேன். அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது. இடது காது முடிக்குள் இருந்தது, நானும் மறந்துபோனேன்.

சஜனின் அம்மா பெயர் சத்தியபாய். நல்ல உயரம். வெளிறிய நீலப்பூ போட்ட வெள்ளைப் புடவை. காதில் கழுத்தில் ஒரு பொட்டு இல்லை. இடது கையில் மட்டும் ஒரு வாட்ச். சின்ன முகம், பொன்னிற விளிம்பு, கறுத்த தோல் வார். சாயா கொடுத்தார். நான் தலையைச் சாய்த்துக் குடித்தேன், முடிக்குள்ளிருந்து அது வெளியே வந்து தொங்கியது. பிய்ந்த குடைத்துணியில் செய்த ஆரஞ்சு கம்மல், விரல் நீளம். சஜன் மேலே ஃபேனைப் பார்த்தான்.

"இந்தக் காதுக்கு வேணும்னு வச்சியா, அந்தக் காதுக்கு வேண்டான்னு வச்சியா?" என்று கேட்டார் அவர்.

"மறந்துட்டேன் மாமி."

"கள்ளம் சொல்லல்ல. அது கொள்ளாம், நல்ல காரியம்."

பிறகு சட்டம் சொன்னார். கோபமில்லாமல், சோறு பரிமாறுகிற குரலில். "வேலை செய்யாத சாதனம் எல்லாம் ஆபரணம் ஆக்கும். எனக்க வீட்டுக்கு வாற பிள்ளை அதை விட்டுட்டு வரணும்."

சஜன் மெதுவாக, "நீங்க வாச்சு கெட்டியிருக்கியளே அம்மா" என்றான்.

"வாச்சு மணி காட்டும். கம்மல் என்னலே காட்டும்?"

சஜன் மறுபடி ஃபேனைப் பார்த்தான்.

வீட்டில் அம்மா அழுதாள். மொட்டைக் காதோடு ஒரு பெண் கல்யாணம் கட்டிப் போவாளா, எங்கள் மிஷன் சபையில் யாராவது கேள்விப்பட்டதுண்டா. கல்யாணத்துக்குத் தங்கமே வேண்டாம், தாலிகூட இல்லை, மாப்பிள்ளை பெண்ணின் கையில் வேதபுஸ்தகம்தான் கொடுப்பார் என்று கேட்டதும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நல்ல விசுவாசிகளாக்கும் புஷ்பம்" என்றார். அம்மா பார்த்த பார்வையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அப்போதுதான் காட்டிவிட்டு வந்திருந்தார்.

எனக்கும் தங்கம் வேண்டாம். ஒரு பொடி வேண்டாம். ஆனால் நான் செய்தது எனக்கு வேண்டும். காலையில் டப்பாவைத் திறந்து இன்றைக்கு எது என்று பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் வேண்டும். சஜனும் வேண்டும். இதில் எதை விட? சொல்லு ஷிஜி, எதை விடுவ?

ஜூன் 19, வியாழன்

லேகாதான் வழி சொன்னாள். மிஷினை மிதித்துக்கொண்டே: "பட்டன் இல்லாத ஜாக்கெட்டு போட்டுக்கிட்டு எந்த விசுவாசியும் சபைக்குப் போவமாட்டா." 

பட்டன்! இதுவரை ஏன் தோன்றவில்லை? துண்டுத்துணி ஒரு சாக்கு வாங்கி வந்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

சாம்பல் நிற டாப். தோளிலிருந்து முட்டுவரை துணி பொதிந்த பட்டன், ஒன்று போல் இன்னொன்று இல்லை. கண்ணாடி முன்னால் நின்று எனக்கே கண் நிறைந்தது. காது இரண்டும் காலி, இம்முறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மாமி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். ஒரு பட்டனை நகத்தால் நெம்பினார்.

"இதுக்குத் துளை எங்க?"

"துளை இல்ல மாமி. சும்மா தச்சது."

"சும்மா தச்சதா?"

நான் அந்தப் பட்டனைக் கையால் மறைத்தேன்.

"அப்பம் கம்மலைக் காதுல இருந்து எறக்கி நெஞ்சுல வச்சிருக்க."

சொல்லிவிட்டு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்தார். போதும் போதும் என்றாலும் கேட்காமல் இன்னொரு துண்டு மீன் போட்டார், நடுத்துண்டு. அதுதான் கஷ்டம். கெட்ட மனுஷியாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம்.

ஜூன் 23, திங்கள்

சரி. வேலை செய்யணும், அவ்வளவுதானே? செய்ய வைக்கேன்.

ஜூலை 3, வியாழன்

எல்லாப் பட்டனுக்கும் துளை வெட்டியாயிற்று. அதாவது டாப்பை முன்பக்கம் முழுக்கக் கிழித்து, ஓரம் அடித்து, மறுபடி பட்டனால் சேர்த்திருக்கிறேன். கையிலும் அப்படியே. லேகா தலையில் அடித்துக்கொண்டாள். பழைய ஜிப்பில் செய்த பூ இப்போது ஷாலைப் பிடிக்கும் பின். சங்குக் கிளிப் முடியைப் பிடிக்கும். பையில் குஞ்சம் எதற்கு? ஜிப்பை இழுக்க. கேள்வி கேட்டால் பதில் உண்டு.

பேசிக்கொண்டிருக்கும்போதே சஜன் போனை வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். மின்வாரியத்தில் லைன்மேன் அவன். "போஸ்டுக்க மேல நிக்கேன். அம்மா விளிச்சு மணி என்னன்னு கேக்கா. எப்பவும் இதே வேலைதான்."

"கையில வாச்சு உண்டே?"

"அது கொஞ்சம் ஸ்லோவாம்."

ஜூலை 13, ஞாயிறு

மாமி வீட்டில் ஜெபக்கூட்டம். அந்த டாப்பைப் போட அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் உட்கார்ந்து பட்டன் மாட்டினார்கள். அப்பாவின் தடித்த விரலுக்குள் பட்டன் அகப்படவில்லை. "இது சட்டையா, பேங்கு பூட்டா?" நடுவில் ஒன்று தவறி, எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து மாட்டினோம். பஸ் போயிற்று. போகும்போது முதல் பாட்டு முடிந்திருந்தது.

மாமி வாசலிலேயே ஒரு பட்டனைக் கழற்றினார், மாட்டினார். ஷால் பின்னை இழுத்துப் பார்த்தார். கிளிப்பை ஆட்டிப் பார்த்தார். நான் செக்போஸ்டில் நிற்கும் லாரி போல நின்றேன்.

"ம். வேலை செய்யுது" என்றார். எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது.

கூட்டம் முடிந்ததும் நடந்ததுதான்— நிதானமாக எழுதுகிறேன். நானும் மாமியும் அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம். மாமியின் வாட்ச் வார் அறுந்து வாட்ச் என் கால் பக்கம் விழுந்தது. நான் எடுத்தேன். நொடிமுள் நகரவில்லை. குலுக்கினேன். நகரவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஓரமெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. இது இன்று விழுந்து நின்ற வாட்ச் இல்லை.

அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து, ஜெபத்துக்கு வந்திருந்த சரசம்மா அக்கா கேட்கிறார்: "சத்தியபாய், மணி என்னாச்சு?"

மாமி என்னைப் பார்த்தார். வெறும் மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

நான் போனைப் பார்த்து மணியைச் சத்தமாகச் சொன்னேன். வாட்சை மாமியின் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலை செய்யாத சாதனம் எல்லாம்— 

வேண்டாம், தூங்கு.

ஜூலை 14, திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை. லேகாவிடம் சொன்னால் தையல்கடையில் சொன்ன மாதிரி, அப்புறம் எங்கள் ஊர் குன்னத்துகால் முழுக்கத் தெரிந்துவிடும்.

சஜன் கூப்பிட்டான். அம்மா சரியாகச் சாப்பிடவில்லையாம். "நீ ஏதாவது சொன்னியா?" இல்லை என்றேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், நான் ஜெயித்துவிடுவேன். மாமிக்குப் பதில் இருக்காது. ஆனால் மாமி நேர்மையான ஆள். அன்றைக்கே வாட்சைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். பிறகு அந்தக் காலிக் கையை நான் அல்லவா தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? எனக்கு அது பிடிக்கவில்லை. என் காதை அவர் கையில் பார்ப்பது மாதிரி இருக்கும்.

ஜூலை 17, வியாழன்

புது வார் தைத்துவிட்டேன். தம்பி கழித்துப் போட்ட ஜீன்ஸின் இடுப்புப் பட்டை, நல்ல நீலம். ஓரத்தில் வெள்ளை நூலில் பொடித்தையல். பக்கிள் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அம்மாவின் அறுந்த செருப்பிலிருந்து எடுத்தேன். சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கொதிக்க வைத்தேன். இதை இங்கே எழுதியதோடு சரி.

ஜூலை 19, சனி

தனியாகப் போனேன். மாமி வாரைக் கையில் வாங்கி, வெள்ளைத் தையலை விரலால் தடவினார்.

"நீ பாத்த."

"பாத்தேன் மாமி."

"சஜன்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஓடி ரெம்ப வருஷம் ஆச்சு. பாட்டரி மாத்திப் பாத்தேன். உள்ள மெஷினே போச்சுன்னு சொல்லிட்டான்."

"புதுசு ஒண்ணு வாங்கலாமே மாமி?"

"பாக்காம இருப்பேனா? ஒரு கடை விடல்ல. ஒண்ணும் இந்த அழகு இல்ல." 

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாகச் சாயா வந்தது. கல்யாணமே போச்சு என்று நினைத்தேன். பார்த்தால் மாமியின் தோள் குலுங்குகிறது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வாரைக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் கையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "நீலம் எனக்குச் சேருமா?"

"நல்லா சேரும்."

"இந்தப் பக்கிள் எங்க உள்ளது?"

"வீட்டுல கெடந்தது மாமி."

கள்ளம் இல்லை. முழுசும் இல்லை, அவ்வளவுதான். கம்மலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பர் 6, வியாழன்

கல்யாணம் முடிந்தது. கையில் வேதபுஸ்தகம், முதுகு முழுக்க வேலை செய்யும் பட்டன், காதில் ஒன்றுமில்லை. அம்மா அழுதது எனக்காகவா என் காதுக்காகவா, தெரியவில்லை. அப்பா அழவே இல்லை.

சாப்பாட்டுப் பந்தியில் சரசம்மா அக்கா மணி கேட்டார். மாமி நீல வாரைத் திருப்பி வாட்சைப் பார்த்து, "நேரமாச்சு, நேரமாச்சு" என்றார். கல்யாண வீட்டில் அது எப்போதும் சரியான மணிதான்.

நவம்பர் 17, திங்கள்

லீவு முடிந்து இன்று முதல் லேபுக்கு. டப்பா பெட்டிக்கு அடியில் இருந்தது, திறக்கவில்லை. பட்டன் மாட்டி, பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது மாமி கூப்பிட்டார்.

"மக்கா, காதைக் காட்டு."

காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார்.

"துளை அடைஞ்சு வருகே."

பத்து நாளில் காதுத் துளை அடையாது. லேபில் வேலை பார்க்கிறவளுக்கு அது தெரியாதா? மற்றக் காதையும் திருப்பிக் காட்டினேன்.

"அடைஞ்சு போச்சுன்னா உனக்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுகது? அடையாமப் பாக்க காதுல என்னமாம் ஒண்ணு போடு. அதும் ஒரு வேலைதானே." 

நான் அப்படியே நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் துளைக்கு ஓய்வு கொடு. கேட்டியா?"

"கேட்டேன் மாமி."

மாமி வாட்சைப் பார்த்தார். "பின்னே எதுக்கு நிக்க? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஓடிப்போய்ப் பெட்டியைக் கவிழ்த்து டப்பாவை எடுத்தேன். பச்சைப் பட்டன் ஜோடி. பஸ்ஸில் ஏறிய பிறகு தடவிப் பார்த்தேன், இரண்டு காதிலும் இருந்தது.