ஒற்றை ஆளுக்கு மாவு

கரமனை,
12.3.2003

அன்புள்ள அத்தானுக்கு,

பியூலா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? தூத்துக்குடியில் வெயில் ஏறியிருக்கும். மதியத்தில் வெளியே அலையாதீர்கள். நான் நலமே.

எங்கள் மேலாண்மைக் கல்லூரியில் மாணவர்களுக்குத் தொழில் திட்டப் போட்டி நடந்தது. என்னையும் நடுவராக உட்கார்த்திவிட்டார்கள். பாதித் திட்டங்கள் வெறும் கம்ப்யூட்டர் படங்கள்தான். ரெம்யா என்ற மாணவி மட்டும் தோசைமாவையே பாக்கெட்டில் அடைத்துக் கொண்டுவந்தாள், ஒரு பாக்கெட்டில் இரண்டே தோசைக்கு. ஜெயித்தால் தொழில் தொடங்கக் கல்லூரி முதலீடு தரும். தோற்றால் அப்பா பார்த்துவைத்த வங்கி வேலைக்குப் போகவேண்டுமாம். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததில் மாவு பொங்கி, ஒரு பாக்கெட் வெடித்து என் சேலையில் தெறித்தது. பயப்படாதீர்கள், நீங்கள் எடுத்துத் தந்த சேலை இல்லை.

“பாக்கெட்ட மாத்திக்கலாம். ஆனா ஒத்தை ஆளுக்குன்னு மாவு யாரும்மா வாங்குவா?” என்று கேட்டேன்.

“டீச்சர் வாங்க மாட்டீங்களா? தனியா வீடெடுத்துத்தானே தாமசம்?”

அரங்கமே சிரித்தது. அவள் மட்டும் சொல்லிவிட்டுப் பயந்துபோய் நின்றாள். நான் முழு மதிப்பெண் போட்டேன். முதல் பரிசு அவளுக்குத்தான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் சின்னத் தோசைக்கல்லும் கொஞ்சம் இட்லிப்பொடியும் கொடுத்தனுப்புங்கள். ஈஸ்டருக்கு வருவதானால் முன்கூட்டியே எழுதுங்கள். உங்களுக்கு நாலு பாக்கெட்டாவது சொல்லிவைக்கவேண்டும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள்
பியூலா