மாதா முன்னால எரியுற லைட்டு

மே 14, 2012 திங்கள்

நீயே சொல்லு தாயே, ஜீரோ வாட்டு பல்புன்னா கரண்டே இழுக்காதுன்னுதானே அர்த்தம்? பேருலயே ஜீரோன்னு போட்டிருக்கான். இந்த ஞானராஜ் என்னடான்னா, "பேருதான் அத்தை ஜீரோ. பதினஞ்சு வாட்டு இழுக்குது. ராத்திரி பகலா எரிஞ்சா மீட்டர் சும்மா நிக்குமா?"ன்றான். செத்துப்போன எங்கண்ணன் மவன், நான் தூக்கி வளத்த புள்ள, எனக்குப் பாடம் எடுக்குறான்.

கரண்டு ரேட்ட ஏத்திட்டாங்களாம். சிப்காட் கம்பெனியில இவனுக்கு ஓவர்டைமும் இல்லன்னுட்டாங்க. சோறு திங்கும்போது சட்டம் போட்டான். குண்டு பல்பெல்லாம் கழட்டிட்டு சுருள் பல்பு. பாத்திரம் கழுவுன தண்ணி வாழைக்கு. காய்த்தோல எறியக்கூடாது, குழியில போட்டு எருவாக்கணும். கடைக்குத் துணிப்பை. எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனேன். கடைசில உன் சுரூபத்து முன்னாடி எரியுற பல்பப் பாத்தான். "அதையும் செபம் சொல்றப்ப மட்டும் போட்டா போதும்"னான்.

அவன் பொண்டாட்டி அனிதாவுக்கு ரெண்டு தடவ தங்காமப் போச்சு. இந்தத் தடவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கு உன் முன்னாடி முட்டி போட்டு நேர்ந்துக்கிட்டேன்ல? புள்ள நல்லபடியா கைக்கு வர்ற வரைக்கும் இந்த லைட்ட எங்க கையால அணைக்க மாட்டோம்னு. ஈபிக்காரன் நிறுத்துனா அது அவன் பாடு. எங்க கையி படக்கூடாது.

அவனத் தனியா கூப்ட்டு சொல்லிட்டேன். "மாதா என்ன மீட்டர் பாக்க வர்ற ஆளா அத்தை?"ன்னு சிரிச்சான். நான் சிரிக்கல. எம்மூஞ்சியப் பாத்துட்டு, "சரி, அந்தப் பதினஞ்சு வாட்ட வேற எங்கயாவது மிச்சம் பண்ணிக் காட்டு"ன்னுட்டுப் போயிட்டான். அனிதாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அவளுக்கும் எதுக்கு இந்தப் பயம்?

மே 15

எழுந்ததும் லைட்டப் பாத்தேன். எரியுது. அனிதாவும் நல்லாத் தூங்குறா.

மே 27 ஞாயிறு

மிக்சிய மூட்ட கட்டி பரண்ல போட்டாச்சு. அம்மியில அரைக்கிறேன். ஃபிரிட்ஜ அணைச்சு, தொடச்சு, என் புடவைங்கள அடுக்கி வச்சிருக்கேன். டிவியும் கெடையாது. சீரியல்ல அந்த மாமியாக்காரி வெஷம் வச்சாளா இல்லியான்னு பக்கத்து வூட்டு சவரியம்மாள்ட்ட கேட்டுக்குறேன்.

அவளுக்கு வாயி சும்மா இருக்குமா? "என்னா மதினி, வூட்ல ஆளு இருக்கீங்களா, காலி பண்ணிட்டுப் போயிட்டீங்களா? பொழுது சாஞ்சா ஒரே இருட்டா கெடக்குது"ன்னா. "இருட்டுலதான்டி செபம் நல்லா வருது"ன்னேன். அவளுக்கென்ன தெரியும் என் அவஸ்தை.

ஜூன் 13, அந்தோணியார் திருநாள்

தாயே தாயே தாயே.

மத்தியானம் பாத்ரூம்லேர்ந்து "அத்தை"ன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் — போன தடவையும் அப்படித்தான் கூப்ட்டா, இதே அஞ்சாம் மாசம். உள்ள போறேன், பாவாடையில ரத்தம். கொஞ்சந்தான். ஆனா ரத்தம். அவளப் புடிச்சு உக்கார வச்சுட்டு மொதல்ல உங்கிட்டதான் ஓடியாந்தேன். லைட்டு எரியல. உசுரே போச்சு. யாரு அணைச்சது? நானா? சுவிட்சப் பாத்தா போட்டபடியேதான் இருக்கு. தெருவுக்கே கரண்டு இல்ல. மெழுவத்திய ஏத்துனேன், மூணு தீக்குச்சி அணைஞ்சு போச்சு.

டாக்டரம்மா, "குழந்தை நல்லாருக்கு, படுத்தே இருக்கணும். பஸ்ஸுல எங்கயும் போவக்கூடாது"ன்னுட்டாங்க. சிதம்பரத்துல அவ அம்மா வூட்டுக்கு அனுப்புற பேச்சே இல்ல. நாந்தான் பாக்கணும். நான் பாத்துக்குவேனா? எனக்குப் புள்ள பெத்த பழக்கங்கூட கெடையாதே.

ஜூலை 8

பில்லு வந்துச்சு. பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு. "அத்தை, உன்ன ஈபியில வேலைக்கு வச்சா கரண்டு கட்டே இருக்காது"ன்னு ஞானராஜ் கும்புடு போடுறான். எருக்குழி மண்ணுல வெண்டக்கா நல்லா காய்க்குது. அனிதாவுக்கு அதான் பொரியல்.

கையி தன்னால சுவிட்சுக்குப் போவுது. நேத்து பாத்ரூம் லைட்ட அணைச்சுட்டேன். "அத்தை, நான் உள்ளதான் இருக்கேன்! கண்ணுல சோப்பு!"ன்னு கத்துறான். அனிதா படுத்த மேனிக்கே சிரிச்சா. சிரிக்காதடி, வயிறு குலுங்குதுன்னு அதுக்கும் பயந்தேன்.

ஆகஸ்ட் 15, நீ மோட்சத்துக்கு எழுந்தருளுன நாள்

பல்பு ஃபீஸ் போச்சு. ஒன் திருநாளாப் பாத்தா போவணும்? ஏதாவது சொல்றியா? சொல்றதா இருந்தா என்னச் சொல்லு, அவளச் சொல்லாத.

ஞானராஜ் அர வாட்டு எல்இடின்னு குட்டி பல்பு ஒண்ணு வாங்கியாந்தான். இது மெய்யாலுமே ஜீரோ மாதிரிதானாம். மாட்டுறதுக்கு சுவிட்சுல கைய வச்சான் பாரு — புடிச்சு இழுத்துட்டேன். "ஷாக் அடிச்சு நான் சாவுறதா அத்தை?"ன்னான். அதுவும் ஞாயந்தான். கரண்டு போவட்டும், போனதும் மாட்டுன்னேன். சொல்லி வச்சாப்புல போற கரண்டு, இன்னிக்குப் போவவே மாட்டேங்குது! ஸ்டூலு மேல பல்பக் கையில வச்சுக்கிட்டு அவன் நிக்குறான், கீழ செபமாலையோட நான். அப்புறம் போச்சு. "ஸ்தோத்திரம்"னேன். கரண்டு போனதுக்கு இந்தக் கடலூர்ல ஸ்தோத்திரம் சொன்னவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 25

அனிதாவுக்குக் காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. பிரஷர் ஏறிடுச்சாம். இங்க வச்சுப் பாக்க முடியாது, ஒடனே சிதம்பரம் கூட்டிட்டுப் போங்கன்றாங்க. ஆட்டோ சொல்லியாச்சு.

செப்டம்பர் 28 வெள்ளி, சிதம்பரம் பெரியாஸ்பத்திரி

பொம்பளப் புள்ள. தாயும் சேயும் நல்லாருக்காங்க. ஆபரேசன்தான். ஞானராஜ் தேம்பித் தேம்பி அழுவுறான், இவ்வளவு பெரிய மீசைய வச்சுக்கிட்டு. புள்ளைய மொதல்ல எங்கையிலதான் குடுத்தாங்க. கோழிக்குஞ்சாட்டம் சூடு. விரல நீட்டுனேன், புடிச்சுக்கிச்சு.

அனிதா கண்ண முழிச்சதும், "அத்தை, அங்க மாதா லைட்டு எரியுதுல்ல?"ன்னு கேட்டா. ஆடிப்போயிட்டேன். சத்தியம் பண்ணவன் என்னிக்கோ ஒளறியிருக்கான். "எரியுதுடி கண்ணு, அது எரியாம இருக்குமா"ன்னேன். ஸ்தோத்திரம் தாயே. யாருமில்லாத வூட்டுல நீ ஒருத்தியா எரிஞ்சுக்கிட்டு எங்கள இங்க காப்பாத்திட்ட. ஊருக்குப் போனதும் மொத வேலையா வேளாங்கண்ணிக்கு வர்றோம், புள்ளைக்கு மொட்ட.

இத எழுதும்போதே பாக்குறேன், வராந்தாவுல ஆளே இல்லாம ஒரு ஃபேன் சுத்துது. மனசு கேக்கல. எழுந்து போயி அணைச்சுட்டு வந்தேன்.

அணைக்கும்போதுதான்... அன்னிக்கு வாசல்ல ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். அனிதாவ ஞானராஜ் கைத்தாங்கலா ஏத்துறான். நான் பைய எடுத்துக்கிட்டு, ரூம்பு ரூம்பா எல்லாம் அணைச்சாச்சான்னு பாத்துட்டு, கதவப் பூட்டுறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சையும் எங்கையாலயே கீழ எறக்கிட்டு வந்தேன்.