நான் அனுப்பிய இணைப்பு

டீச்சர்,

இன்று காலை எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பூசாரி தட்டை நீட்டினார். சூட வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கை போகவில்லை. தண்ணீர் நிறைத்த தாம்பாளமும், அதில் ஓடிய அட்டைப் படகுகளும், சுற்றிக் குனிந்திருந்த இருபது தலைகளும்தான் கண்முன் வந்தன. படகின் பின்னால் ஒரு துணுக்குச் சூடத்தைச் செருகினால் மோட்டார் இல்லாமலே ஓடும் என்று ஏதோ ஓர் இணையதளத்தில் பார்த்துவிட்டு வந்து, வகுப்பில் செய்து காட்டினீர்கள். "சாமிக்கு ஏத்துத சூடம் படகு ஓட்டுது பாருங்கலே" என்றீர்கள். "என்னம்மா, ஒத்திக்கோங்க" என்று பூசாரி இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் நான் நிலைக்கு வந்தேன்.

பதினோரு வருடம் கோவில்பட்டியிலிருந்து ஒரே பஸ்ஸில், எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நடுநிலைப் பள்ளிக்குப் போய்வந்தோம். நீங்கள் அறிவியல், நான் கணக்கு. ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. உங்களுக்கு நான் டீச்சர், எனக்கு நீங்கள் டீச்சர்.

கொரோனாவில் பள்ளியை மூடியபோது பிள்ளைகளின் வீட்டு எண்களைச் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தீர்கள். தினமும் ஒரு சங்கதி. நிலாவில் சுத்தியலும் இறகும் ஒன்றாக விழுகிற வீடியோ. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். திரையிலேயே ஒயரையும் பல்பையும் இணைத்து எரிய வைத்துப் பார்க்கிற இலவசத் தளம். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் கீழே உங்கள் குரலில் தமிழ் விளக்கம் போகும். அனுப்புவதற்கு முன்னால் ஊர் எல்லையில் பருத்திக் காட்டு ஓரமாக நின்று ஓட்டிப் பார்ப்பீர்கள். "டவுன்ல ஓடுனா போதாது டீச்சர். இங்கன ஒத்தப் புள்ளி சிக்னல்ல ஓடணும்" என்பீர்கள்.

அந்தக் கோடையில் கரிசல் வெடித்துக் கிடந்தபோது, வெடிப்புக்குள் சோளத்தட்டையை விட்டு ஆழம் அளந்து படம் அனுப்பச் சொன்னீர்கள். மற்ற பிள்ளைகள் ஒன்றோ இரண்டோ அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு மாரிச்செல்வி பதினாலு அனுப்பினாள். கூடவே ஒரு கேள்வி: "டீச்சர், வெடிப்பு ஏன் முக்காவாசி எடத்துல மூணு கிளையாவே பிரியுது?" நீங்கள் மழுப்பவில்லை. "எனக்குத் தெரியலட்டி, தேடிச் சொல்லுதேன்" என்றீர்கள். இரண்டு நாள் தேடினீர்கள். மண் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, இழுவிசை மூன்று பக்கமும் சமமாகிற வரை வெடிப்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று எங்கோ படித்து எனக்குப் போனில் சொன்னீர்கள். "அந்தப் பிள்ளை பாத்தத உலகத்துல எங்கயோ ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காரு டீச்சர்."

பள்ளி திறந்து, அவள் எட்டாம் வகுப்பு முடிக்கிற சமயம் அவள் அப்பா வந்தார். காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். போனை உங்கள் மேசைமேல் வைத்தார்.

"டீச்சரம்மா, யாரு இவன்? எம் பிள்ள பேரச் சொல்லி, பேசுவியா பேசுவியான்னு தெனமும் மெசேஜ் போடுதான்."

அந்த எண் நம் குழுவில் இருந்தது. ஆனால் அது எந்தப் பிள்ளையின் வீட்டு எண்ணும் இல்லை. நீங்கள் உடனே அதை நீக்கினீர்கள். போலீசில் சொல்லலாம் என்றீர்கள்.

"போலீசுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிரும். அவ படிச்சது போதும்."

ஒன்பதாம் வகுப்புக்கு வெளியூருக்கு பஸ் ஏற வேண்டும். அவர் அனுப்பவில்லை. நான்கு தடவை அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். நான்காம் தடவை அவர் வெளியே வரவே இல்லை. திரும்பி நடக்கும்போது சொன்னீர்கள்: "லிங்க் அனுப்பி அனுப்பி ஒரு பிள்ளைய வீட்டுக்குள்ள அடைச்சிட்டேன் டீச்சர்." அதன் பிறகு அந்தக் குழுவில் நீங்கள் எதுவும் போடவில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்து, நடத்தி, மூடினீர்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். பிள்ளைகள் ஏதாவது கேட்டால் "புக்ல இருக்கு, படி" என்று நீங்கள் சொன்னதைப் பக்கத்து வகுப்பறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாசியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த அன்று மூச்சு வாங்க வாங்க அதையேதான் கேட்டீர்கள். "அவன் நம்ம குரூப்புக்குள்ள எப்படி வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலையே டீச்சர்." நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சுளையில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

நான்தான் டீச்சர். குழுவில் சேர்வதற்கான இணைப்பை வெளியே யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், என் கல்லூரித் தோழிகள் குழுவில் அதைப் போட்டேன். 'எங்க ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு உள்ள வந்து பாருங்க' என்று பெருமைக்கு எழுதினேன். அங்கிருந்து அது யார் யார் கைக்குப் போனதோ. மாரிச்செல்வியின் அப்பா போனை மேசையில் வைத்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய் அந்தச் செய்தியை அழித்துவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன். நான்கு தடவையும் உங்களோடு அந்த வாசலில் நின்றேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் அவர்கள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அப்பாவும் மகளும் இருந்தார்கள். அழாமல் சொல்லி முடித்தேன். அவள் அப்பா வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"அவிய இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா. அவியள வெயில்ல நிக்க வச்சுப் பேசுனேன். ஒரு செம்புத் தண்ணி குடுக்கல."

பிரைவேட்டாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், நான் சொல்லித் தருகிறேன் என்று மாரிச்செல்வியிடம் சொன்னேன். பதினெட்டு வயது முடிந்து தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

"வேணாம் டீச்சர். ஆறு மணிக்கு வேன் வந்துரும். வந்து படுத்தாப் போதும்னு இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டிருப்பேன்.

உங்கள் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. அறிவியலையும் நான்தான் பார்க்கிறேன். பாடத்தைப் படித்துக் காட்டுகிறேன். ஓர் இணைப்பை அனுப்பலாம் என்று போனை எடுத்தால் விரல் நின்றுவிடுகிறது.

உங்களை எனக்குத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருந்தால் முகம் கறுத்து, ஒரு வாரம் என்னோடு பேசாமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்திருப்பீர்கள். எட்டாம் நாள் உங்கள் பக்கத்தில் இடம் பிடித்து வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்து, செய்யாத குற்றத்தோடு உங்களைப் போகவிட்டேன். பேச ஆளில்லாமல் இப்போதும் அதே பஸ்ஸில்தான் போய்வருகிறேன். எட்டாம் நாள் வரவில்லை.