சந்தனம் பூசிய சிடி

பழவங்காடி,
திருவனந்தபுரம்
12.9.2003

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். பெங்களூர்க் குளிரில் மகனுக்குச் சளி பிடித்திருக்குமே என்பதைத் தவிர அத்தைக்கு வேறு கவலை இல்லை.

கட்டட வரைபட ஆபீஸ் வைத்திருக்கும் ஓமனா சேச்சி கள்ள சிடி கூடவே கூடாது என்றதால், என் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டேன். வரைந்த வீடு திரையில் வந்துவிட்டது. ஆனால் திருப்பினால் விட்டு விட்டு நடுங்குகிறது. "இதெந்தா கௌசல்யே, வீடு கிடந்து விறைக்குந்நு?" என்று சேச்சி சிரித்தார். கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, அதை வேலை வாங்கும் டிரைவர்தான் இல்லையாம். அக்டோபர் ஆறாம் தேதி வீடு கட்டுகிற ஒருவருக்குக் காட்ட வேண்டும். ஒழுங்காகச் சுற்றினால் எனக்கு அங்கே நிரந்தர வேலை.

வேலை கிடைத்தால் நான் இங்கே, இல்லையென்றால் பெங்களூருக்கு என்று நாம் பேசியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

டிரைவர் போடுவது எப்படி என்று காகிதத்தில் எழுதி அனுப்புங்கள். போன் வேண்டாம். நீங்கள் வேகமாகச் சொல்வீர்கள், எனக்குக் கோபம் வரும்.

உங்கள்
கௌசல்யா

*

பெங்களூர்
17.9.2003

அன்பு கௌசல்யா,

சளி இல்லை என்று அம்மாவிடம் சொல். பியூஸ் போனாலே என்னைத் தேடுகிற நீ டிரைவர் போடக் கிளம்பிவிட்டாயா?

டிரைவர் இந்தக் கவரில் உள்ள சிடியில் இருக்கிறது. முதலில் 'இனிட் 3' என்று அடி. படமெல்லாம் போய்த் திரை கறுப்பாகி வெறும் எழுத்து வரும். பயப்படாதே. பிறகு பின்பக்கம் நான் எழுதியிருக்கும் வரிகளை அப்படியே அடி. கடைசியாக, கார்டின் பெயர் இருக்கும் கோப்பைத் திறந்து, பழைய பெயரை எடுத்துவிட்டு நான் அடிக்கோடிட்ட பெயரைப் போடு.

இங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். சமையலறையில் நல்ல வெளிச்சம். சும்மா பார்த்ததுதான்.

வீரபாண்டி

*

பழவங்காடி
23.9.2003

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் அடித்தேன். பாதியில் ஆங்கிலத்தில் நாலு வரி திட்டிவிட்டு நின்றுவிட்டது. அதைக் கண்டுகொள்ளாமல் கார்டின் பெயரையும் மாற்றித் தொலைத்தேன். இப்போது படமே வருவதில்லை. கறுப்புத் திரையைப் பார்த்த அத்தை, கரண்ட் போய்விட்டதா என்று ஃபேனை அண்ணாந்து பார்த்தார்கள்.

அழுகை வந்தது உண்மைதான். அதற்காக விடப்போவதில்லை. பிசகு எங்கே என்று மட்டும் எழுதுங்கள்.

கௌசல்யா

*

பெங்களூர்
27.9.2003

அன்பு கௌசல்யா,

பழைய பெயரையே திரும்பப் போடு, படம் வந்துவிடும். அதோடு விட்டுவிடு. புதிதாக வருகிறவர்கள் தொடுகிற வேலை இல்லை இது. என் கம்ப்யூட்டர் ஆபீஸிலேயே ஆட்கள் திணறுகிறார்கள்.

வீட்டுக்காரரிடம் அக்டோபர் பத்தாம் தேதி வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவையும் தயாராகச் சொல். கட்டாயப்படுத்துவதாக நினைக்காதே. ஆபீஸ் விட்டு அறைக்கு வந்தால் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வீரபாண்டி

*

பழவங்காடி
7.10.2003

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி பழைய பெயரைப் போட்டேன், படம் வந்தது. ஆனால் விடவில்லை. அந்த நாலு வரியை மறுபடி வரவழைத்து, அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். அது திட்டவே இல்லை அத்தான். டிரைவருக்கு வேண்டிய கெர்னல் சோர்ஸ் என்ற லினக்ஸின் மூல நிரல் இல்லை, முதலில் அதைப் போடு என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறது. தேடினால், லினக்ஸின் இரண்டாவது சிடியிலேயே இருக்கிறதாம்.

எடுக்கப் போனால் சிடி பூஜையில் இருந்தது. அத்தை என் சிடிகளையெல்லாம் புத்தகங்களோடு சரஸ்வதிக்கு வைத்துவிட்டார்கள். "உன் ஆயுதம் இதுதானட்டீ. விசயதசமிக்கு முந்தித் தொடப்பிடாது" என்றார்கள். விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை, வீடு கட்டுகிறவருக்குக் காட்ட வேண்டியது திங்கட்கிழமை. காத்திருந்தேன்.

ஞாயிறு காலை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு சிடியிலும் பளபளப்பான பக்கமாகப் பார்த்துச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கம்ப்யூட்டர் சிடியை வாங்கிய வேகத்தில் வெளியே தள்ளியது. அத்தையை எப்படிக் கோபிப்பது? சோப்புத் தண்ணீரில் கழுவி, உங்கள் பழைய வேட்டியால் துடைத்து, காயவைத்துப் போட்டேன். படித்தது. டிரைவரும் ஏறியது. திருப்பினேன், வீடு வழுக்கிக்கொண்டு சுற்றியது. எல்லாம் சந்தனத்தின் மகிமை என்கிறார்கள் அத்தை. நான் மறுக்கவில்லை.

நேற்று வந்தவர் மாடிப்படியை இடம் மாற்ற முடியுமா என்று கேட்டார். அவர் கண் முன்னாலேயே மாற்றிச் சுற்றிக் காட்டினேன். வேலை எனக்குத்தான் என்று சேச்சி அங்கேயே சொல்லிவிட்டார்.

கெர்னல் சோர்ஸ் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நான் காரணம் கேட்கவில்லை, நீங்களும் விளக்கம் எழுத வேண்டாம். தனியாக இருப்பது எனக்கும் கஷ்டம்தான். சாயங்காலம் தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்துவிடுகிறேன். ஆனாலும் பேச்சு பேச்சுதான். அந்த வீட்டை வேறு யாருக்காவது விடச் சொல்லிவிடுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சேச்சி ஓர் ஆள் தேடுகிறார். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. வர விருப்பமிருந்தால் நீங்களே அவருக்கு எழுதுங்கள். விருப்பமில்லாவிட்டால் எனக்கு எழுதுங்கள். நான் இதே விலாசத்தில்தான் இருப்பேன்.

உங்கள்
கௌசல்யா